மோட்டன் ஃபீல்டு: ஒரு சிற்றூர் விமான நிலையம் சொல்லும் உரிமை வரலாறு

அமெரிக்காவின் தென்பகுதி மாநிலமான அலபாமாவில் மேக்கன் என்றொரு மாவட்டம் இருக்கிறது. அதன் தலைமையிடமான டஸ்கிகி, 10,000 பேர்கூட வாழாத சிறிய நகரம். நகரின் வடபுறத்தில் சில கிலோமீட்டர் தொலைவில் ஏறத்தாழ 5,000 அடி நீளமுள்ள ஓர் ஓடுபாதை உண்டு. அதன் பெயர் மோட்டன் ஃபீல்டு நகராட்சி விமான நிலையம். பயணிகளை ஏற்றிச் செல்லும் பெரிய நிறுவனங்களின் விமானங்கள் அங்கு வருவதில்லை. கட்டுப்பாட்டுக் கோபுரமும் அங்கு இல்லை. சிறு விமானங்களே வந்திறங்கிப் புறப்படுகின்றன.

வெளியூரார் பலரும் கேள்விப்பட்டிராத இந்த நிலையம், சமூக நீதியைப் பற்றிச் சிந்திப்போர் அறிந்திருக்க வேண்டிய இடமாகும். கறுப்பினத்தவருக்குப் போர்க்களத்தில் தலைமை ஏற்கும் ஆற்றல் கிடையாது என்று ஆவணத்தில் எழுதி வைத்திருந்த அமெரிக்க ராணுவத்தின் முதல் கறுப்பின விமானிகள், இங்குதான் பறக்கக் கற்றனர். உரிமை சட்டத்தில் எழுதப்பட்டுவிட்டால் போதுமா? அதைப் பயன்படுத்துவதற்கான நிலம், கருவி, ஆசிரியர், பணம் ஆகியவை யாருடைய கையில் இருக்கின்றன? ஒடுக்குவோர் விதித்த பிரிவினைக்குள் நின்றுகொண்டே நமக்கான நிறுவனங்களைக் கட்டுவது சரணாகதியா, முன்னேற்பாடா? இக்கேள்விகளுக்கு விடை தேடுவோருக்கு இந்த ஓடுபாதையின் வரலாறு உதவும்.

சிறு விமான நிலையம் எப்படி இயங்குகிறது?

விமான நிலையம் என்றதும் கண்ணாடிச் சுவர்களும் பாதுகாப்புச் சோதனை வரிசைகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. அமெரிக்காவில் பொதுப் பயன்பாட்டுக்குத் திறந்துள்ள விமான நிலையங்கள் ஏறத்தாழ 5,000. அவற்றுள் குறித்த நேரத்தில் பயணிகள் விமானம் வந்துபோகும் நிலையங்கள் சில நூறு மட்டுமே. மற்றவை பயிற்சி விமானங்கள், பயிருக்கு மருந்து தெளிக்கும் விமானங்கள், நோயாளிகளை அழைத்துச் செல்லும் விமானங்கள், தனியாருக்குச் சொந்தமான சிறு விமானங்கள் ஆகியவற்றுக்கானவை. இவ்வகைப் பறத்தல் அனைத்தையும் சேர்த்து 'ஜெனரல் ஏவியேஷன்' என்று அழைக்கின்றனர்.

கோபுரம் இல்லாத நிலையத்தில் விமானிகள் தமக்குள் பேசிக்கொண்டு ஒழுங்கைக் காக்கின்றனர். ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு பொதுவான வானொலி அலைவரிசை உண்டு. தாம் எங்கிருக்கிறோம், எந்தத் திசையில் இறங்கப்போகிறோம் என்பதை ஒவ்வொருவரும் அதில் அறிவிக்கின்றனர். மற்றவர்கள் கேட்டு விலகி நிற்கின்றனர். பல நிலையங்களில், இரவில் வரும் விமானி தம் ஒலிவாங்கியின் பொத்தானைக் குறித்த முறை அழுத்தினால் ஓடுபாதை விளக்குகள் எரியும். யாரிடமும் அனுமதி கேட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதே 'பொது' என்ற சொல்லின் பொருள்.

இத்தகைய நிலையங்கள் பெரும்பாலும் நகராட்சி அல்லது மாவட்ட நிர்வாகத்துக்குச் சொந்தமானவை. ஓடுபாதையைச் சீரமைப்பது போன்ற பெருஞ்செலவுகளின் பெரும்பங்கை மத்திய அரசு மானியமாக வழங்குகிறது. பயணச்சீட்டு, விமான எரிபொருள் ஆகியவற்றின் மீதான வரியிலிருந்து அந்த நிதி வருகிறது. மானியத்தோடு நிபந்தனைகளும் வருகின்றன. நிலையத்தைப் பொதுமக்கள் பயன்பாட்டுக்கு நியாயமான விதிமுறைகளின்படி, பாகுபாடின்றித் திறந்து வைத்திருக்க வேண்டும் என்பது அவற்றுள் முதன்மையானது.

விமானிகள் உருவாகும் இடமும் இதுவே. மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் பயிற்சி விமானம், அருகிருந்து கற்றுத்தரும் ஆசிரியர், பழுது பார்க்கும் தொழிலாளி ஆகிய மூன்றும் சேர்ந்திருக்கும் ஓர் ஓடுபாதையில்தான் எந்த விமானியின் வாழ்க்கையும் தொடங்குகிறது. ஆகவே அந்த ஓடுபாதையின் வாயிலில் யாரைத் தடுத்து நிறுத்துகிறார்களோ அவர்களுக்கு வானம் முழுவதும் மூடப்பட்டுவிடுகிறது.

மூடப்பட்ட வானம்

1940ஆம் ஆண்டுக்கு முன்பு கறுப்பினத்தவரின் நிலை அதுவாகவே இருந்தது. பெஸ்ஸி கோல்மன் என்ற கறுப்பினப் பெண் விமானம் ஓட்ட விரும்பியபோது அமெரிக்காவில் எந்தப் பயிற்சிப் பள்ளியும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர் பிரெஞ்சு மொழி கற்று, பிரான்சுக்குச் சென்று, 1921இல் உரிமம் பெற்றுத் திரும்பினார். ஆல்ஃபிரட் ஆண்டர்சன் என்ற இளைஞருக்கும் இதே மறுப்புதான் கிடைத்தது. அவர் கடன் வாங்கிச் சொந்தமாக ஒரு பழைய விமானத்தை வாங்கி, பெரும்பகுதியைத் தாமாகவே கற்றுக்கொண்டு, 1932இல் வணிக விமானி உரிமம் பெற்ற முதல் கறுப்பினத்தவரானார். சிகாகோவை அடுத்த ராபின்ஸ் என்ற கறுப்பின ஊரில், டஸ்கிகியில் படித்த ஜான் ராபின்சனும் கார்னீலியஸ் காஃபியும் தோழர்களைச் சேர்த்துக்கொண்டு, 1930களின் தொடக்கத்தில் சொந்தமாக ஒரு விமானத் தளம் அமைத்தனர். சில ஆண்டுகளிலேயே புயல் அதனை அழித்தது.

இவர்கள் விதிவிலக்குகள். பொது விதியை ராணுவம் எழுதியிருந்தது. 1925இல் ராணுவப் போர்க் கல்லூரி தயாரித்த அறிக்கை ஒன்று, கறுப்பினத்தவர் அறிவிலும் துணிவிலும் தாழ்ந்தவர்கள் என்று 'அறிவியல்' போர்வையில் கூறியது. சாதியத்தின் இயக்கத்தை அறிந்தவர்களுக்கு இந்தச் சூழ்ச்சி புதிதல்ல. முதலில் பள்ளியில் இடம் மறுக்கப்படும். பள்ளி இல்லாததால் உரிமம் கிடைக்காது. உரிமம் இல்லாததால் அனுபவம் இருக்காது. அனுபவம் இல்லாததைக் காட்டி, இவர்களுக்குத் தகுதியே இல்லை என்று தீர்ப்பு வழங்கப்படும். மறுத்தவர்களே அந்த மறுப்பின் விளைவைத் 'தகுதியின்மை' என்று பெயரிடுகின்றனர்.

சட்டம் வந்தது, நிலம் வரவில்லை

ஐரோப்பாவில் போர் நெருங்கியபோது அமெரிக்காவுக்கு ஆயிரக்கணக்கான விமானிகள் தேவைப்பட்டனர். கல்லூரி மாணவர்களுக்கு அரசுச் செலவில் பறக்கக் கற்றுத்தரும் குடிமக்கள் விமானப் பயிற்சித் திட்டத்துக்கு 1939இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. இன, நிற, மத அடிப்படையில் எவருக்கும் பயன் மறுக்கப்படக் கூடாது என்ற விதி கறுப்பின அமைப்புகளின் வலியுறுத்தலால் அதில் இடம்பெற்றது. அதே ஆண்டில் நிறைவேறிய மற்றொரு சட்டம், கறுப்பின விமானிகளுக்குப் பயிற்சியளிக்கும் பள்ளி ஒன்றும் அடையாளம் காணப்பட வேண்டும் என்றது. போர்த்துறை அதற்கு வேறு பொருள் கூறித் தட்டிக் கழித்தது.

இந்தச் சூழலில்தான் டஸ்கிகி கல்வி நிறுவனம் குடிமக்கள் திட்டத்தில் இணைந்தது. அடிமைமுறை ஒழிந்து 16 ஆண்டுகளே கடந்திருந்த 1881இல், புக்கர் டி. வாஷிங்டன் தலைமையில் தொடங்கப்பட்ட கறுப்பினக் கல்வி நிறுவனம் அது. அவருக்குப் பின் 1915 முதல் 1935 வரை ராபர்ட் ரஸ்ஸா மோட்டன் அதன் தலைவராக இருந்தார். விமான நிலையம் அவருடைய பெயரையே தாங்கியுள்ளது.

திட்டத்தில் இணைந்த பின்னரும் டஸ்கிகி மாணவர்களுக்குப் பறக்க நிலமில்லை. முதலில் அவர்கள் 60 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவிலுள்ள மான்ட்கோமரிக்குச் சென்றுவர வேண்டியிருந்தது. பின்னர் டஸ்கிகி அருகே குத்தகை நிலமொன்றை மாணவர்களே சமப்படுத்திக் கென்னடி ஃபீல்டு என்ற சிறு தளத்தை உருவாக்கினர். ஆல்ஃபிரட் ஆண்டர்சன் தலைமைப் பயிற்றுநராக வந்தார். ஆயினும் ராணுவப் பயிற்சியை ஏற்று நடத்த அந்தத் தளம் போதுமானதாக இல்லை.

1941இல் குடியரசுத் தலைவரின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் டஸ்கிகிக்கு வந்தார். ஆண்டர்சன் ஓட்டிய சிறு விமானத்தில் அவர் ஏறிப் பறந்தார். கறுப்பின விமானியை நம்பி அமர்ந்திருந்த அவருடைய நிழற்படம் நாடெங்கும் பேசப்பட்டது. அவர் ஜூலியஸ் ரோசன்வால்டு நிதியத்தின் அறங்காவலர்களுள் ஒருவராகவும் இருந்தார். தென்மாநிலச் சிற்றூர்களில் கறுப்பினக் குழந்தைகளுக்காக ஏறத்தாழ 5,000 பள்ளிகள் எழுவதற்கு அந்த நிதியம் உதவியிருந்தது. அப்பள்ளிகளுக்குக் கறுப்பின மக்களும் தம் பங்காகப் பணமும் நிலமும் உழைப்பும் தந்தனர். அந்த நிதியம் வழங்கிய கடனைக் கொண்டு டஸ்கிகி நிறுவனம் தனக்கென நிலத்தில் புதிய விமானத் தளத்தை அமைத்தது.

ஆர்ச்சி அலெக்சாண்டர் என்ற கறுப்பினப் பொறியாளர் கட்டுமான ஒப்பந்தத்தை ஏற்றார். பயிற்சி உரிய காலத்தில் தொடங்க வேண்டும் என்பதற்காக டஸ்கிகி நிறுவனத்தின் தொழிலாளர்களும் கைவினைஞர்களும் களத்தில் இறங்கி வேலை செய்தனர். புல்தரை ஓடுபாதை, விமானக் கொட்டகை, அலுவலகக் கட்டடங்கள் என மோட்டன் ஃபீல்டு 1941இல் இயங்கத் தொடங்கியது. கறுப்பின நிறுவனத்துக்குச் சொந்தமாகி, கறுப்பினப் பொறியாளரால் கட்டப்பட்டு, கறுப்பினப் பயிற்றுநர்கள் கற்பித்த அந்தத் தளத்தில்தான் ராணுவ விமானிகளுக்கான முதல்நிலைப் பயிற்சி நடைபெற்றது.

பிரிவினைக்குள் கிடைத்த வாய்ப்பு: இரு தரப்பு வாதங்கள்

இங்கு ஓர் உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். டஸ்கிகித் திட்டம் நிறப் பிரிவினையின் அடிப்படையில் வகுக்கப்பட்டது. வெள்ளையர் பயிலும் தளங்களில் கறுப்பினத்தவரைச் சேர்க்க மறுத்த ராணுவம், நீதிமன்ற வழக்கும் அரசியல் அழுத்தமும் பெருகியதால், 1941 ஜனவரியில் தனிப் படைப்பிரிவு ஒன்றை அறிவித்தது. ஹாவர்டு பல்கலைக்கழக மாணவர் யான்சி வில்லியம்ஸ், தம்மை விமானப் படையில் சேர்க்க மறுத்ததை எதிர்த்து என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பின் துணையோடு தொடுத்த வழக்கும் அந்த அழுத்தங்களுள் ஒன்று.

அந்தப் போராட்டத்தை நடத்தியவர்களே தனிப் பிரிவு என்ற தீர்வை எதிர்த்தனர். போர்த்துறையில் ஆலோசகராக இருந்த கறுப்பினச் சட்ட அறிஞர் வில்லியம் ஹேஸ்டி, பிரிவினையை ஏற்றுக்கொண்ட பயிற்சி எவ்வளவு சிறப்பானதாக இருந்தாலும் தாழ்வு என்ற முத்திரையை அது உறுதிப்படுத்தும் என்று வாதிட்டார். ஒரே ஒரு தளத்துக்குள் அடைப்பதால் பயிற்சி பெறுவோர் எண்ணிக்கையும் குறையும் என்பது அவர் எடுத்துக்காட்டிய நடைமுறைத் தீமை. விமானப் படையின் பிரிவினைக் கொள்கையைக் கண்டித்து 1943 ஜனவரியில் அவர் பதவி விலகினார்.

அப்போது டஸ்கிகியின் தலைவராக இருந்த ஃபிரெடரிக் பேட்டர்சனின் தரப்பு வேறு. ராணுவம் இப்போதைக்கு மாறப்போவதில்லை. கிடைக்கும் வாயிலில் நுழைந்து, விமானிகளையும் தொழில்நுட்பப் பணியாளர்களையும் உருவாக்கிவிட்டால், பின்னர் அவர்களை இல்லையென்று சொல்ல முடியாது என்று அவர்கள் கருதினர். டஸ்கிகிக்கு இது பழக்கமான உத்தி. 1923இல் கறுப்பின முன்னாள் படைவீரர்களுக்கென ஒரு மருத்துவமனை அங்குத் திறக்கப்பட்டபோது, நோயாளிகள் கறுப்பினத்தவராகவும் மருத்துவர்கள் வெள்ளையராகவும் இருக்க வேண்டும் என உள்ளூர் வெள்ளையர் விரும்பினர். மோட்டன் அதனை எதிர்த்தார். கு கிளக்ஸ் கிளான் வெறியர்கள் மருத்துவமனைக்கு முன் அணிவகுத்து மிரட்டினர். மோட்டன் பின்வாங்கவில்லை, அடுத்த ஆண்டே மருத்துவமனை கறுப்பின மருத்துவர்களின் பொறுப்பில் வந்தது.

இந்த இரு வாதங்களில் ஒன்றை மட்டும் சரியென்று தேர்ந்தெடுப்பது எளிதல்ல. வழக்கும் எதிர்ப்பும் இல்லாதிருந்தால் தனிப் பிரிவுகூட வந்திருக்காது. மோட்டன் ஃபீல்டு இல்லாதிருந்தால், ராணுவம் தட்டிக் கழிக்க 'வசதி இல்லை' என்ற சாக்கு அப்படியே இருந்திருக்கும். ஒரு தரப்பு கதவைத் தட்டியது. மறு தரப்பு, கதவு திறக்கும் நாளில் நுழைவதற்கு ஆட்களை ஆயத்தப்படுத்தியது.

பறந்தவர்களும் தரையில் உழைத்தவர்களும்

1941 ஜூலையில் 13 பேர் கொண்ட முதல் அணி பயிற்சியைத் தொடங்கியது. இரு இறக்கைத் தட்டுகள் கொண்ட ஸ்டியர்மன் விமானத்தில் மோட்டன் ஃபீல்டில் முதல்நிலைப் பயிற்சி; அதில் தேறியவர்களுக்குச் சில கிலோமீட்டர் தொலைவில் அமைந்த டஸ்கிகி ராணுவ விமானத் தளத்தில் அடுத்த நிலைகள். 1942 மார்ச்சில் ஐவர் மட்டுமே தேறி விமானிகளாயினர்.

அவ்வைவருள் ஒருவர் பெஞ்சமின் ஆலிவர் டேவிஸ். வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் அவர் பயின்ற நான்கு ஆண்டுகளும், கடமை நிமித்தமன்றி எந்த மாணவரும் அவரோடு ஒரு சொல் பேசியதில்லை. அறையில் துணையின்றித் தங்கினார்; உணவு மேசையில் தனித்து உண்டார். தீண்டாமை என்ற சொல் அந்த நாட்டின் அகராதியில் இல்லாதிருக்கலாம். அதன் நடைமுறை வெஸ்ட் பாயிண்ட்டில் இருந்தது. அவர் 1936இல் பட்டம் பெற்று வெளியேறினார். பின்னர் டஸ்கிகி விமானிகளின் படைத் தலைவரானார்.

1946 வரை டஸ்கிகியில் 992 பேர் விமானிகளாகத் தேறினர். அவர்களுள் 355 பேர் கடல்கடந்து போர்முனைக்குச் சென்றனர். ஒவ்வொரு விமானிக்குப் பின்னும் விமானம் பழுது பார்ப்போர், பாராசூட் மடிப்போர், வானிலைக் கணிப்பாளர், செவிலியர், சமையலர் எனப் பலர் உழைத்தனர். இத்திட்டத்தில் பணியாற்றிய ஆண்களும் பெண்களும் மொத்தம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர்.

போர்முனைக்குப் போன பிறகும் சந்தேகம் தொடர்ந்தது. 1943இல் ஒரு வெள்ளை அதிகாரி, இவர்களுக்குப் போர்க்குணம் போதாது என்றும் முன்னணியிலிருந்து விலக்க வேண்டும் என்றும் அறிக்கை அனுப்பினார். டேவிஸ் நாடு திரும்பிப் போர்த்துறைக் குழுவின் முன் சான்றுகளோடு பதிலளித்தார். பின்னர் ராணுவமே நடத்திய ஆய்வு, ஒத்த பணியிலிருந்த வெள்ளையர் பிரிவுகளுக்கும் இவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று கண்டது.

குண்டுவீச்சு விமானங்களுக்குக் காவலாகப் பறந்தபோது டஸ்கிகி விமானிகள் ஒன்றைக்கூட எதிரியிடம் இழந்ததில்லை என்று நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது. விமானப் படையின் வரலாற்றாய்வாளர் டேனியல் ஹால்மன் ஆவணங்களை ஆராய்ந்து, அவர்களுடைய காவலில் 27 விமானங்கள் வீழ்த்தப்பட்டன என்று நிறுவினார். அதே பணியைச் செய்த பிற பிரிவுகளின் சராசரி இழப்பு 46. உண்மையான கணக்கே அவர்களுடைய திறமைக்குப் போதிய சான்று. ஒடுக்கப்பட்டோர் மதிக்கப்பட வேண்டுமெனில் ஒரு பிழையும் செய்யாத தெய்வங்களாக இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பே அந்தக் கட்டுக்கதையை இத்தனை காலம் வாழவைத்தது. மதிப்பெண்ணிலும் பணியிலும் தலித் மாணவர்களிடம் இதே எதிர்பார்ப்பு வைக்கப்படுவதை நாம் அன்றாடம் காண்கிறோம்.

1945 ஏப்ரலில் இண்டியானா மாநிலத்தின் ஃபிரீமன் ஃபீல்டு தளத்தில், கறுப்பின அதிகாரிகளை விடுதி மன்றத்திலிருந்து விலக்கும் ஆணையில் கையெழுத்திட மறுத்த 101 அதிகாரிகள் கைது செய்யப்பட்டனர். அவர்கள் டஸ்கிகியில் வளர்ந்த தலைமுறை. பிரிவினைக்குள் பயிற்சி பெற்றவர்களே பிரிவினையைத் தகர்க்க முன்வந்தனர். 1948 ஜூலை 26 அன்று குடியரசுத் தலைவர் ட்ரூமன் பிறப்பித்த 9981ஆம் ஆணை, படைகளில் சமவாய்ப்பைக் கொள்கையாக அறிவித்தது.

ஓடுபாதையைச் சூழ்ந்திருந்த ஊர்

வானில் வென்றவர்கள் தரைக்குத் திரும்பியபோது டஸ்கிகி அவர்களுக்கு எப்படி இருந்தது? அதே மேக்கன் மாவட்டத்தில், 1932 முதல் 1972 வரை, அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை 600 கறுப்பின ஆண்களைக் கொண்டு மேகநோய் பற்றிய ஆய்வொன்றை நடத்தியது. அவர்களுள் நோயுற்றிருந்த 399 பேருக்கு உண்மை சொல்லப்படவில்லை. பென்சிலின் என்ற மருந்து பரவலாகக் கிடைத்த பின்னும் அது தரப்படவில்லை. விமானிகளுக்கு இறக்கை தந்த அதே அரசு, அதே மண்ணில், ஏழைக் குத்தகை உழவர்களைச் சோதனைப் பொருளாக்கியது.

1957இல் அலபாமா சட்டமன்றம் டஸ்கிகியின் நகர எல்லையைத் திருத்தி எழுதியது. சதுரமாக இருந்த நகரம் 28 பக்கங்கள் கொண்ட விநோத வடிவமாயிற்று. ஏறத்தாழ 400 கறுப்பின வாக்காளர்களில் நாலைந்து பேரைத் தவிர அனைவரும் எல்லைக்கு வெளியே தள்ளப்பட்டனர். வெள்ளையர் ஒருவர்கூட வெளியேற்றப்படவில்லை. டஸ்கிகி நிறுவனத்தின் பேராசிரியர் சார்லஸ் கோமிலியன் தலைமையில் கறுப்பின மக்கள் வெள்ளையர் கடைகளைப் புறக்கணித்தனர், வழக்கும் தொடுத்தனர். 1960இல் உச்ச நீதிமன்றம் இத்தகைய எல்லை மாற்றம் அரசமைப்புச் சட்டத்துக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தது. சேரியை ஊருக்கு வெளியே நிறுத்திய எல்லைகளை அறிந்த நமக்கு, வரைபடத்தில் இழுக்கப்படும் கோடு எதற்குப் பயன்படும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

1966 ஜனவரியில் டஸ்கிகி மாணவரும் முன்னாள் கடற்படை வீரருமான சாமி யங், வெள்ளையருக்கு ஒதுக்கப்பட்ட கழிப்பறையைப் பயன்படுத்த முயன்றதற்காகப் பெட்ரோல் நிலையமொன்றில் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவரை வெள்ளையர் மட்டுமே கொண்ட நடுவர் குழு விடுதலை செய்தது. அதே ஆண்டில், வாக்குரிமைச் சட்டத்தின் பயனாக, மேக்கன் மாவட்ட மக்கள் லூசியஸ் அமர்சன் என்ற கறுப்பினத்தவரைக் காவல் தலைவராகத் தேர்ந்தெடுத்தனர். 1972இல் ஜானி ஃபோர்டு நகரின் முதல் கறுப்பின மேயரானார். மோட்டன் ஃபீல்டு நிலத்தின் பெரும்பகுதி நகராட்சிக்கு மாற்றப்பட்டுப் பொது விமான நிலையமானதும் அதே 1972இல்தான். எல்லைக்கு வெளியே தள்ளப்பட்ட மக்கள் நகராட்சியையே தம் கைக்குக் கொண்டுவந்த காலத்தில், அந்த ஓடுபாதை அவர்களுடைய பொதுச் சொத்தாயிற்று.

ஆல்ஃபிரட் ஆண்டர்சன் போருக்குப் பின்னும் டஸ்கிகியை விட்டுப் போகவில்லை. 1996இல் மறையும் வரை அவ்வூரிலேயே வாழ்ந்து, பல்லாண்டுகள் இளைஞர்களுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்தார். 1998இல் நாடாளுமன்றம் தளத்தின் பழைய பகுதியைத் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவித்தது. 2008இல் அது மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது. அருங்காட்சியகமாகிவிட்ட கொட்டகைகளின் அருகிலேயே இன்றும் விமானங்கள் இறங்குகின்றன.

திறந்த ஓடுபாதை, மூடிய தொழில்

படையில் சமத்துவம் வந்த பின்னும் விமான நிறுவனங்கள் கறுப்பின விமானிகளை வேலைக்கு எடுக்கவில்லை. விமானப் படையில் பணியாற்றிய மார்லன் கிரீன் 1957இல் கான்டினென்டல் நிறுவனத்தில் விண்ணப்பித்து மறுக்கப்பட்டார். ஆறாண்டு வழக்கின் முடிவில், 1963இல், உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. மான்ட்கோமரி விமான நிலையத்தில் நிறவாரியாகப் பிரிக்கப்பட்ட காத்திருப்பறைகளையும் கழிப்பறைகளையும் அகற்றுவதற்கும், 1960களின் தொடக்கத்தில் மத்திய அரசு நீதிமன்றம் செல்ல வேண்டியிருந்தது.

இன்று அமெரிக்காவில் தொழில்முறை விமானிகளுள் கறுப்பினத்தவர் நூற்றுக்கு ஏறத்தாழ நான்கு பேரே. மக்கள் தொகையில் அவர்களுடைய பங்கு 13 விழுக்காட்டுக்கு அருகில் உள்ளது. தடை இப்போது பலகையில் எழுதி மாட்டப்படுவதில்லை, கட்டணத்தில் ஒளிந்திருக்கிறது. பயணிகள் விமானத்தில் பணிபுரியப் பொதுவாக 1,500 மணி நேரப் பறத்தல் அனுபவம் கேட்கப்படுகிறது. அதன் தொடக்க மணிகளைத் தம் செலவில் வாங்க இயலாதவர், ஓடுபாதை பொதுவானதாக இருந்தும் வெளியிலேயே நிற்கிறார். 1939ஆம் ஆண்டுத் திட்டத்தின் உயிர்நாடி அரசுச் செலவில் பயிற்சி என்பதுதான் என்பதை இங்கு நினைவுகூர வேண்டும்.

நமக்கான பாடம்

டஸ்கிகியில் முதல் அணி பயிற்சியைத் தொடங்கிய 1941ஆம் ஆண்டிலேயே இந்தியாவிலும் ஒப்பிடத்தக்க நிகழ்வொன்று நடந்தது. மகர்கள் பம்பாய்ப் படையில் நெடுங்காலம் பணியாற்றியவர்கள். அண்ணல் அம்பேத்கரின் தந்தையும் ராணுவத்தில் சுபேதாராக இருந்தவர். 'போர்க்குடிகள்' என்ற கோட்பாட்டைக் கூறி ஆங்கில அரசு மகர்களைப் படையில் சேர்ப்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நிறுத்தியது. 1941இல் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவில் இடம்பெற்ற அம்பேத்கர் இந்தத் தடையை அகற்றப் போராடினார்; அவ்வாண்டு அக்டோபரில் மகர் படைப்பிரிவு உருவாயிற்று. அதுவும் சாதிப் பெயரில் அமைந்த தனிப் பிரிவே. ஆயினும் படையின் வாயில் மீண்டும் திறந்தது. 1946இல் அம்பேத்கர் கறுப்பின அறிஞர் டு பாய்சுக்குக் கடிதம் எழுதி, ஐக்கிய நாடுகள் அவையில் கறுப்பின மக்கள் அளித்த முறையீட்டின் படியைக் கேட்டார். இரு மக்களின் நிலையிலும் உள்ள ஒப்புமையை அவர் அதில் சுட்டிக்காட்டினார்.

இன்றைய நிலையையும் இந்த வெளிச்சத்தில் காண வேண்டும். இந்தியாவில் வணிக விமானி உரிமம் பெறக் குறைந்தது 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதற்கான செலவு பல பத்து இலட்சம் ரூபாய். பட்டியல் சாதி மாணவர்களுக்கான மத்திய அரசின் பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகைத் திட்டத்தில் விமானி உரிமப் பயிற்சியும் இடம்பெற்றிருக்கிறது. ஆனால் பயிற்சி தரும் நிறுவனங்கள் பெரும்பாலும் தனியார் கையில் உள்ளன. இடஒதுக்கீடு இருந்த ஏர் இந்தியா நிறுவனம் 2022 ஜனவரியில் தனியாருக்கு மாற்றப்பட்டது. அத்தோடு அந்த இடஒதுக்கீடும் போனது. அமெரிக்காவில் நூற்றுக்கு நான்கு என்று சொல்ல முடிகிறது. எண்ணுகிறார்கள், எனவே தெரிகிறது. நம் தனியார் விமான நிறுவனங்கள் தம் விமானிகளின் சாதிவாரி விவரத்தை வெளியிடுவதில்லை.

மோட்டன் ஃபீல்டின் வரலாறு மூன்று செய்திகளைத் தருகிறது. முதலாவது, பாகுபாட்டைத் தடுக்கும் விதி சட்டத்தில் இருந்தும், நிலமும் ஆசிரியரும் பணமும் சேர்ந்த பிறகே அது உயிர் பெற்றது. இரண்டாவது, தனி நிறுவனங்களைக் கட்டுவதும் தனிமைப்படுத்தலை எதிர்ப்பதும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. நம் விடுதிகளையும் பள்ளிகளையும் பற்றிய விவாதங்களில் இவ்விரண்டையும் சேர்த்தே வலியுறுத்த வேண்டும். மூன்றாவது, பொதுச் சொத்து பொதுவாக நீடிக்க, அதை நடத்தும் அமைப்பில் ஒடுக்கப்பட்டோர் அதிகாரம் பெற்றிருக்க வேண்டும்.

கல்லூரி மாணவர்கள் இங்கிருந்தே ஒரு பணியைத் தொடங்கலாம். கடந்த ஐந்து ஆண்டுகளில் விமானி உரிமப் பயிற்சிக்காக எத்தனை பட்டியல் சாதி மாணவர்களுக்கு உதவித்தொகை வழங்கப்பட்டது, அவர்களுள் எத்தனை பேர் உரிமம் பெற்றனர், எத்தனை பேர் பணியில் சேர்ந்தனர் என்ற மூன்று கேள்விகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் சமூக நீதி அமைச்சகத்திடமும் மாநிலத் துறைகளிடமும் கேட்கலாம். வரும் பதில் எதுவாயினும் அடுத்த கோரிக்கைக்கு அதுவே அடிப்படையாகும்.